எவ்வின நாய் நம் வீட்டுக்கு ஏற்றது?

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலை முடியும் நேரத்தில், பிள்ளைகளுக்காக வாசலில் காத்து நிற்கும் பெற்றோர் பேசிக்கொள்ளும் விடயங்கள் பல. பதினொரு வயதுப் பரீட்சை, வீட்டுக் கடனின் வட்டி, ஊருக்குச் செல்லும் விமானச் சீட்டின் விலை என்பவற்றோடு அண்மைக்காலத்தில் இன்னுமொன்றும் சேர்ந்துகொண்டுள்ளது. "பிள்ளை நாய்க்குட்டி வேணுமெண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறாள். எந்த நாய் நல்லது?" என்பதே அது.

இவ்வினாவுக்கு விடை கூறும் தகுதி எமக்கு உண்டு எனத் துணிந்து இக்கட்டுரையை எழுத முன்வரவில்லை. பிழையான விடையைத் தெரிந்தெடுத்து, அதன் பலனை ஒரு வாயில்லாச் சீவன் மீதும் எமது மகள் மீதும் சுமத்தியவர்கள் என்ற முறையிலேயே எழுதுகின்றோம். எமது அனுபவம் இம்மலரைப் படிக்கும் ஒரு குடும்பத்துக்கேனும் பயன்படுமாயின் மகிழ்ச்சியடைவோம்.

ஊரில் வளர்ந்த நாயும் இங்கு வளரும் நாயும்

தமிழர் நாயை அறியாதவர் அல்லர். பலநாள் பழகிய பாகனையும் கொல்லக்கூடிய யானையைவிட, எறிந்த வேல் உடலில் நிற்கும்போதும் தலைவனைக் கண்டு வாலை ஆட்டும் நாயே நட்புக்குச் சிறந்த உவமை என்று நாலடியார் கூறுகின்றது. வைரவரை வணங்கும் நாம் அவருடைய வாகனத்தையும் வணங்குகின்றோம். தமிழகத்து ஊர்களான இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றின் பெயரால் வழங்கும் நாயினங்கள் இன்றும் உள்ளன. 2005 ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நாய்களின் முத்திரை வரிசையில் இராசபாளையமும் இடம்பெற்றது. காவலுக்கு ஒன்று, முயல் வேட்டைக்கு வேறொன்று என்று வேலையறிந்து நாய் வளர்த்தவர்கள் நம் முன்னோர்.

ஆயினும் நம்மிற் பெரும்பாலானோர் ஊரிற் கண்ட நாயை எவரும் தெரிந்தெடுக்கவில்லை. அது தானாகவே படலைக்குள் வந்தது. வீமன் என்றோ ஜிம்மி என்றோ ஒரு பெயர் பெற்றது. மிஞ்சிய சோற்றை உண்டு, வளவெங்கும் ஓடி, ஒழுங்கையில் தன் இனத்தவரோடு சண்டையிட்டு, மாலையில் திண்ணையோரம் படுத்துக்கொண்டது. வீட்டில் எந்நேரமும் எவரேனும் இருந்தனர். அந்த நாய்க்கு வேண்டிய ஓட்டம், உறவு, வேலை ஆகிய மூன்றையும் ஊரே கொடுத்தது.

இலண்டன் புறநகரின் வரிசை வீடொன்றில் வளரும் நாயின் நிலை வேறு. கதவு பூட்டியிருந்தால் அதன் உலகமும் பூட்டியிருக்கும். உண்பதும் ஓடுவதும் பிற நாயொன்றைக் காண்பதும் நம் கையாலேயே நடைபெற வேண்டும். ஊரில் வீமனை வளர்த்த பழக்கத்தைக் கொண்டு இங்கு நாய் வளர்க்கலாம் என நினைப்பதே நாம் செய்யும் முதற்பிழை. அப்பிழையை நாமும் செய்தோம்.

நாம் செய்த தெரிவு

2020 ஆம் ஆண்டு, கொவிட் நோயினால் அனைவரும் வீட்டினுள் அடைபட்டிருந்த காலம். ஒன்பது வயது மகள் தோழிகளைக் காணாது வாடியிருந்தாள். நாய்க்குட்டி வேண்டும் என்றாள். நாமும் வீட்டிலிருந்தே பணிபுரிந்தமையால் இதுவே தக்க தருணம் என எண்ணினோம். நீலக் கண்களும் வெள்ளை முகமும் கொண்ட சைபீரியன் ஹஸ்கிக் குட்டியொன்றின் படத்தைக் கண்டதும் வீட்டிலுள்ள அனைவரும் மயங்கினோம். விற்றவர் அதனை ஒரு வாகனத் தரிப்பிடத்துக்குக் கொண்டுவந்து தந்தார். தாய் நாயை நாம் காணவுமில்லை, காட்டும்படி கேட்கவுமில்லை. அவர் எம்மிடம் கேட்ட வினாவும் ஒன்றேயொன்று: பணத்தை எவ்வாறு தரப்போகின்றீர்கள்?

ஹஸ்கி எத்தகைய நாய் என்பதைப் பின்னரே படித்தறிந்தோம். வடகிழக்குச் சைபீரியாவின் சுக்சி மக்கள், பனிவெளியில் நெடுந்தூரம் வண்டி இழுப்பதற்காகப் பேணிய நாய்களின் வழிவந்தது அது. 1925 ஆம் ஆண்டு அலாஸ்காவின் நோம் நகரில் டிப்தீரியா நோய் பரவியபோது, ஏறத்தாழ 1,085 கிலோமீற்றர் தூரத்தை 20 ஓட்டுநர்களும் 150 வரையிலான நாய்களும் மாறி மாறிக் கடந்து, ஐந்தரை நாள்களில் மருந்தைக் கொண்டு சேர்த்த வரலாறு உலகறிந்தது. அவ்வணிகளின் முன்னணியில் ஓடியவை ஹஸ்கிகள். அத்தகைய மரபில் வந்த ஒன்றை, மாலையில் தெருமுனை வரை இருபது நிமிடம் நடத்திச் சென்று, கடமை முடிந்ததென நாம் எண்ணியிருந்தோம்.

2021 இன் இறுதியில் பணியிடங்கள் மீண்டும் அழைத்தன. பாடசாலையும் வழமைக்குத் திரும்பியது. காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து வரை நாய் தனித்திருந்தது. ஹஸ்கி அதிகம் குரைப்பதில்லை, ஊளையிடும். அயலவர் முதலில் வருத்தத்தோடு கூறினர். பின்னர் கடிதம் எழுதினர். கதவின் அடிப்பாகம் பிறாண்டப்பட்டது. தோட்டத்து வேலியின் கீழ் குழி தோண்டப்பட்டது. நாயை நாம் "குழப்படி" என்று ஏசினோம். உண்மையில் அது தன் இயல்பின்படியே நடந்தது. அதன் இயல்புக்கு இடமில்லாத வீடாக நம் வீடே இருந்தது.

2022 இல் அதனை ஒரு விலங்குக் காப்பகத்திடம் ஒப்படைத்தோம். அங்கிருந்த அலுவலர் ஒரு படிவத்தை எடுத்துப் பொறுமையாகப் பல வினாக்களைக் கேட்டார். நாள்தோறும் எத்தனை மணி நேரம் தனித்திருந்தது? எவ்வளவு தூரம் நடந்தது? வீட்டில் முதியவர் உண்டா? என்ன உண்டது? விடுமுறையில் எங்கு தங்கியது? வாங்கும் நாளில் நாமே நம்மிடம் கேட்டிருக்க வேண்டிய வினாக்கள் அவை.

திரும்பி வரும் வழியில் வாகனத்தின் பின்னாசனத்திலிருந்து மகள் கேட்டாள்: "தருமர் தன்னோடை வந்த நாயை விட்டிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டன் எண்டு சொன்னவரெல்லோ?" அக்கதையைப் படுக்கையில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாமே. எம்மிடம் விடை இருக்கவில்லை.

இனம் எதைக் கூறும், எதைக் கூறாது

நாயினங்கள் பெரும்பாலும் அழகுக்காகத் தோன்றியவை அல்ல, வேலைக்காகத் தோன்றியவை. இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் இடைப்பட்ட மலைநாட்டில் ஆடு மேய்த்த போர்டர் கொலி, ஆடில்லாத வீட்டில் ஓடும் பிள்ளைகளையும் துவிச்சக்கரவண்டிகளையும் வளைத்துத் திருப்ப முயலும். நரியை வளைக்குள்ளிருந்து வெளியேற்ற வளர்க்கப்பட்ட ஜாக் ரசல் டெரியர், உருவத்திற் சிறியதாயினும் ஓயாது ஓடும், பூந்தோட்டத்தைத் தோண்டும். முயலின் மணம் பிடித்து ஓடிய பீகிள், மூக்கு ஒரு வழியில் இழுத்தால் நம் அழைப்பைச் செவிமடுப்பதில்லை.

நியூபவுண்லாந்துக் கரையில் மீனவருக்கு உதவிய நாய்களின் வழிவந்தது லாப்ரடோர். பிள்ளைகளோடு நன்கு பழகும் எனப் பெயர் பெற்றது. ஆயினும் அதன் பசி பெரும்பசி. லாப்ரடோர்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, பசி அடங்கும் உணர்வைக் குறைக்கும் மரபணு மாற்றம் உண்டு எனக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2016 இல் கண்டறிந்தனர். வருகின்ற விருந்தினரெல்லாம் ஒரு வடையைக் கிள்ளிப் போடும் வீட்டில் அந்நாயின் கதி என்னாகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதேவேளை, இனத்தின் பெயரையே சாதகம்போல் நம்புவதும் தவறு. அமெரிக்காவில் 18,000 இற்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டி 2022 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, நாய்களுக்கிடையே காணப்படும் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 வீதத்தையே இனம் விளக்குகின்றது எனக் காட்டியது. ஒரே இனத்தில் சாந்தமானதும் உண்டு, சினமுள்ளதும் உண்டு. உடலின் அளவு, உரோமம், ஓட்டத்தின் மீதான நாட்டம், வரக்கூடிய நோய்கள் ஆகியவற்றை இனம் பெருமளவு உணர்த்தும். இந்த நாய் இந்தப் பிள்ளையோடு எவ்வாறு பழகும் என்பதை நேரிற் சென்று பலமுறை பார்த்தே அறியலாம்.

தோற்றத்தைப் பார்த்து வாங்குவதன் மற்றுமொரு கேட்டையும் கூறாது விடமுடியாது. தட்டையான முகமுடைய பிரெஞ்சு புல்டோக், பக் முதலியன இன்று பலராலும் விரும்பப்படுகின்றன. அவை உறங்கும்போது குறட்டை விடுவதைக் கண்டு சிரிக்கின்றோம். பல நாய்களில் அச்சத்தம் மூச்சுவழி குறுகியதன் அறிகுறியாகும். கோடையில் சற்று ஓடினாலே அவை திணறும். பிரித்தானியாவில் புல்டோக், பிரெஞ்சு புல்டோக் ஆகியவற்றின் ஈற்றுகளில் 80 வீதத்துக்கும் மேற்பட்டவை அறுவைச் சிகிச்சை மூலமே நிகழ்ந்தன என 2010 இல் வெளியான ஆய்வு கூறியது. நாம் இரசிக்கும் முகத்துக்கான விலையை அந்நாய் ஒவ்வொரு மூச்சிலும் செலுத்துகின்றது.

உரோமம் கொட்டாத நாய் ஒவ்வாமை உள்ளோருக்கு ஏற்றது என்ற விளம்பரத்தையும் அப்படியே ஏற்றல் ஆகாது. பூடிலும் அதன் கலப்பினங்களும் குறைவாகவே உரோமம் உதிர்ப்பன. ஆனால் ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள் உமிழ்நீரிலும் தோலின் துகள்களிலும் உள்ளது. ஆஸ்துமா உள்ள பிள்ளை, நாயோடு சில மணி நேரம் இருந்து பார்த்த பின்னரே முடிவு செய்தல் நன்று.

வீட்டைப் பற்றிய ஐந்து வினாக்கள்

ஆகவே எந்த இனம் என்று கேட்பதற்கு முன், நம் வீடு எத்தகையது என்று கேட்க வேண்டும் என்பதே எமது கருத்து.

முதலாவது, வீட்டில் யார் இருப்பார்? வளர்ந்த நாயையும் நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியே விடலாகாது என்பது விலங்கு நல அமைப்புகளின் பொது அறிவுரை. வார நாள்களில் வேலை. வார இறுதியில் என்றால் சனி தமிழ் வகுப்பு, ஞாயிறு வயலினும் பரதமும், மாலையில் கோயில் அல்லது பிறந்தநாள் விழா. ஆங்கில அயலவர் வீட்டிலிருக்கும் இரண்டு நாள்களிலேதான் நம் வீடுகள் பெரிதும் வெறுமையாக இருக்கின்றன.

இரண்டாவது, யார் நடத்திச் செல்வார்? யூன் மாதத்து மாலையை எண்ணி விடை கூற வேண்டாம். சனவரி மாதத்து அதிகாலையில், இருட்டில், தூறலில் எழுந்து செல்பவர் யார் என்பதே வினா.

மூன்றாவது, வீட்டு முதியவர் என்ன நினைக்கின்றார்? அம்மம்மாவின் அச்சத்தைப் பிள்ளைகள் கேலி செய்வதுண்டு. விசர்நாய் கடித்து மனிதர் இறந்த ஊரில் வளர்ந்தவர் அவர். பிரித்தானிய நாய்களிடையே அந்நோய் இல்லை என்பதை அறிந்தாலும் உடம்பின் அச்சம் இலகுவில் நீங்காது. சாமியறைக்குள் நாய் வரலாகாது என அவர் கூறின் அதையும் மதித்தே முடிவெடுத்தல் வேண்டும். வளர்ந்துவரும் பெரிய இன நாயொன்று அன்பு மிகுதியால் பாய்ந்தாலும் எழுபது வயதுக் கால்கள் தாங்கா.

நான்காவது, நம் சமையலறை. வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை அழிக்கும். பாயசத்தில் இடும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும். சொக்லேற்றும் நஞ்சாகும். சமைத்த கோழி எலும்பு பிளந்து குடலைக் குத்தக்கூடும். இவையில்லாத கறி நம் வீட்டில் அரிது. மிஞ்சிய சோறு கறியை நாய்க்கு வைக்கும் பழக்கத்தை முற்றாகக் கைவிட அனைவரும் இணங்க வேண்டும்.

ஐந்தாவது, பயணமும் காலமும். ஆடி, ஆவணித் திருவிழாக்களுக்கு ஊர் செல்லும் ஆறு வாரமும் நாய் எங்கே இருக்கும்? அதற்கான செலவை விமானச் சீட்டோடு சேர்த்துக் கணக்கிட்டோமா? மேலும், நாய்கள் பல பத்து முதல் பதின்மூன்று ஆண்டு வாழ்வன. ஒன்பது வயதுப் பிள்ளை கேட்டு வாங்கும் நாய், அப்பிள்ளை பல்கலைக்கழகம் சென்றபின் பெற்றோரிடமே முதுமை அடையும். பிள்ளைக்கு வாங்குகின்றோம் என்று சொன்னாலும் நாம் நமக்கே வாங்குகின்றோம்.

சட்டமும் அதனையே சொல்கின்றது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையிலுள்ள 2006 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு விலங்கை விற்றல் ஆகாது. அவர்களுடைய விலங்குக்குப் பொறுப்பாளர் பெற்றோரே. 2016 ஏப்ரல் முதல் நாய்களுக்கு அடையாளச் சில்லு பொருத்துதல் கட்டாயமாக உள்ளது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல், ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை வணிக இடைத்தரகர் விற்றல் தடைசெய்யப்பட்டுள்ளது. குட்டியைப் பிறந்த இடத்திலேயே தாயுடன் பார்த்து வாங்குதல் வேண்டும். 1991 இல் தடைசெய்யப்பட்ட நான்கு வகைகளோடு எக்ஸ்.எல். புல்லி வகையும் சேர்க்கப்பட்டு, 2024 பெப்ரவரி முதல் விதிவிலக்குச் சான்றிதழின்றி அதனை வைத்திருத்தல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றமாகும். பெயரறியாத கலப்பினக் குட்டியை மலிவாக வாங்குவோர் இதனை மனத்திற் கொள்க.

எமது பரிந்துரை

ஐந்து வினாக்களுக்கும் நேர்மையான விடை கண்ட குடும்பத்துக்கு நாம் கூறக்கூடியது இது. குட்டியைத் தேடி ஓடாது, காப்பகங்களிலுள்ள வளர்ந்த நாய்களை முதலிற் சென்று பாருங்கள். குட்டி எவ்வாறு வளரும் என்பது ஊகம். வளர்ந்த நாயின் குணம் கண்முன்னே தெரிவது. சிறப்பாக, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட் நாய்கள் நம்மவர் பலரின் வீட்டுக்கு ஏற்றன என எண்ணுகின்றோம். மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல் ஓடும் அந்நாய், ஓடாத நேரமெல்லாம் உறங்குவது. குறுகிய உரோமம், குறைவான குரைப்பு. மெலிந்த உடலும் நீண்ட முகமும் சிப்பிப்பாறையை நினைவூட்டும். பூனையையும் அணிலையும் துரத்தும் என்பதால் வெளியிற் கயிற்றோடே நடத்த வேண்டும். குளிரில் மேலாடை வேண்டும். நீண்ட தனிமையை இந்நாயும் தாங்காது என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும்.

ஐந்தில் ஒன்றுக்கேனும் விடை இல்லையாயின், "இப்போது வேண்டாம்" என்பதே சரியான தெரிவு. அவ்வாறு கூறும் பெற்றோர் அன்பற்றவர் அல்லர். எமது மகளுக்கு அன்று நாம் அதனைக் கூறியிருந்தால் அவள் ஒரு வாரம் அழுதிருப்பாள். கூறாமையால் நெடுங்காலம் அழுதாள்.

மாணவச் செல்வங்களே! நாய் வேண்டும் என்ற உங்கள் ஆசை நல்ல ஆசை. அதனைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. அயலவர் ஒருவரின் நாயைப் பெற்றோரின் துணையோடு மூன்று மாதம், மழையிலும் குளிரிலும், நாள் தவறாது நடத்திச் சென்று பாருங்கள். அதன் கழிவையும் நீங்களே பொறுக்கிக் கட்டுங்கள். மூன்று மாதத்தின் பின்னும் அதே ஆசை இருந்தால், மேலே கூறிய ஐந்து வினாக்களையும் ஒரு தாளில் எழுதிப் பெற்றோர் முன் வையுங்கள். அவர்கள் விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

எமது வீட்டில் இன்று நாய் இல்லை. எமது ஹஸ்கியை, நாள்தோறும் மலைப்பாதையில் ஓடும் ஒரு குடும்பம் ஏற்றுக்கொண்டதாகக் காப்பகத்தார் அறிவித்தனர். மகள் இப்போது ஞாயிறு காலைகளில் அயல்வீட்டு முதியவரின் நாயை நடத்திச் செல்கின்றாள். அவள் பல்கலைக்கழகம் சென்றபின், நாம் இருவரும் ஓய்வு பெற்று வீட்டிலிருக்கும் காலத்தில், ஒரு நாயை அழைத்து வரலாம் எனப் பேசியிருக்கின்றோம். எந்த இனம் என்பதை இன்னும் தீர்மானிக்கவில்லை. அதன் கடைசி நாள்வரை அதனை விடுவதில்லை என்பதை மாத்திரம் தீர்மானித்துள்ளோம்.